ஸ்பீக்கர் ஒயருக்கு எர்த் எதற்கு?

எர்த் கம்பி வைத்த ஸ்பீக்கர் ஒயர் வேண்டாம் என்று வாடிக்கையாளர்களிடம் எத்தனையோ முறை நேரில் சொல்லியாகிவிட்டது. அண்மையில் பழுதுபார்க்க வந்த ஒரு ஆம்ப்ளிஃபயரைத் திறந்த பிறகு, இதை எழுதிவிடுவதே மேல் என்று முடிவு செய்தேன். அவுட்புட் ஐ.சி.யின் மேற்புறம் வெடித்து, பக்கத்திலிருந்த காயில் கருகிக் கிடந்தது. இரைச்சலே இருக்காது என்று கடையில் சொன்னதை நம்பி, ஷீல்டும் (இரைச்சலைத் தடுக்க ஒயரைச் சுற்றிப் போடும் உலோக உறை) தனி எர்த் கம்பியும் கொண்ட விலை உயர்ந்த ஒயரை வாங்கியவர், அந்தக் கம்பியை ஸ்பீக்கரின் மைனஸ் முனையோடு சேர்த்து முறுக்கி, சுவர் சாக்கெட்டின் எர்த்தில் கொடுத்திருக்கிறார்.

இப்போது விற்கும் சிறிய கிளாஸ் டி (ஸ்விட்சிங் முறையில் இயங்கும்) ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் மைனஸ் முனை கிரவுண்ட், அதாவது சர்க்யூட்டின் பூஜ்ஜிய வோல்ட் புள்ளி, அல்ல. 24 வோல்ட்டில் இயங்கும் பிரிட்ஜ் வகை (ஸ்பீக்கரின் இரு முனைகளையும் இயக்கும்) ஆம்ப்ளிஃபயரில் பிளஸ், மைனஸ் இரண்டு முனைகளிலும் சராசரியாக 12 வோல்ட் நிற்கும். அந்த ஆம்ப்ளிஃபயர் ஏற்கெனவே கணினியின் எர்த்தோடு ஆடியோ ஒயர் வழியாக இணைந்திருந்ததால், மைனஸை எர்த் செய்ததும் நேரடி ஷார்ட் ஆகிவிட்டது.

சரியாக இணைத்திருந்தாலாவது பயன் உண்டா என்று கேட்கிறார்கள். வீட்டில் கேட்கும் அளவுக்கு இல்லை. ஸ்பீக்கர் ஒயர் வழியே இரைச்சல் புகுந்துவிடும் என்ற அச்சம்தான் இவ்வளவுக்கும் காரணம் என்பதால், அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 2.83 வோல்ட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் தரும் சாதாரண ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒயரில் ஒரு முழு மில்லிவோல்ட் இரைச்சல் ஏறிவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும், அது சுமார் 18 டெசிபல் ஒலியைத்தான் எழுப்பும்; ஓசையற்ற இரவு அறையிலேயே ஏறத்தாழ 30 டெசிபல் இருக்கும். உண்மையில் ஒரு மில்லிவோல்ட் ஏறுவதே அரிது. ஒரு பக்கம் ஓர் ஓமின் சிறு பகுதியே அவுட்புட் மின்தடை உள்ள ஆம்ப்ளிஃபயரும் மறுபக்கம் 4 அல்லது 8 ஓம் ஸ்பீக்கரும் இருக்கையில், தூண்டப்படும் மின்னழுத்தம் அங்கேயே அடங்கிவிடும். அதன் பிறகு அதைப் பெருக்க எதுவும் இல்லை. இதே ஒரு மில்லிவோல்ட், 5 மில்லிவோல்ட் மட்டுமே தரும் ரெக்கார்டு பிளேயர் கார்ட்ரிட்ஜின் ஒயரில் ஏறினால் பாட்டையே கெடுத்துவிடும். ஷீல்டு வேண்டியது அங்கேதான். மைக் ஒயருக்கும், ஆம்ப்ளிஃபயரின் இன்புட்டுக்கு ஆடியோ கொண்டுவரும் ஆர்.சி.ஏ. ஒயருக்கும்தான்.

சக்தி வாய்ந்த ரேடியோ ஒலிபரப்புக் கோபுரத்துக்கு மிக அருகில் வசிப்பவர்களுக்கு நீண்ட ஸ்பீக்கர் ஒயர் ஆன்டெனாவாகிவிடுவது உண்டு. அவர்களுக்கும் முதலில் ஒயரில், ரேடியோ அலைகளைத் தடுக்கும் ஒரு ஃபெரைட் வளையம் மாட்டிப் பார்க்கச் சொல்வேன்.

வீடுகளில் கேட்கும் "ம்ம்ம்" என்ற 50 ஹெர்ட்ஸ் ஹம், பெரும்பாலும் கிரவுண்ட் லூப்பால், அதாவது ஒன்றோடொன்று இணைந்த கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் எர்த்தோடு சேர்வதால் உருவாகும் சுற்றால், வருவது. ஆம்ப்ளிஃபயரின் இன்புட் ஒயர்கள் அனைத்தையும் கழற்றுங்கள். ஹம் நின்றுவிட்டால் ஸ்பீக்கர் ஒயர் குற்றவாளி அல்ல. பிறகு ஒவ்வொன்றாக மாட்டினால் எது கொண்டுவருகிறது என்று தெரிந்துவிடும். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் மாடியிலிருந்து இறங்கும் கேபிள் டி.வி. ஒயராகவோ, சார்ஜரில் இருக்கும் மடிக்கணினியாகவோதான் இருக்கும். எல்லாக் கருவிகளையும் ஒரே எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டுங்கள். அப்போதும் நிற்காவிட்டால், அந்தச் சுற்றைத் துண்டிக்க, டி.வி. ஒயருக்கு உரிய ஐசொலேட்டரையோ ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரையோ இடையில் கொடுங்கள்.

தயவுசெய்து, ஹம் நிற்கிறது என்பதற்காகப் பிளக்கின் பெரிய எர்த் பின்னை மட்டும் உடைத்துவிடாதீர்கள். உள்ளே மின்கசிவு ஏற்பட்டால் ஆம்ப்ளிஃபயரின் உலோகப் பெட்டியில் 230 வோல்ட் வந்து நிற்கும். அதைத் தொடுவது உங்கள் வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம். வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இல்லையென்றால், ஒயருக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் அதை மாட்டச் சொல்லுங்கள்.

மீதிப் பணத்தில் தடிமனான நல்ல செம்பு ஒயர் வாங்கினால் போதும். 1.5 சதுர மி.மீ. ஒயர் 10 மீட்டர் ஓடினால் போகவரச் சுமார் கால் ஓம் மின்தடை. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது தாராளம், 4 ஓம் என்றால் 2.5 சதுர மி.மீ. எடுங்கள். செம்பு பூசிய அலுமினிய ஒயரையும் செம்பு என்றே விற்கிறார்கள். அதே தடிமனில் அதன் மின்தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். கடையிலேயே ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வாங்காதீர்கள்.