தூரம் பாதியானால் விசை நாலு மடங்கு

உலர்ந்த தலைமுடியில் நாலைந்து முறை இழுத்த பிளாஸ்டிக் சீப்பைக் காகிதத் துணுக்குகளுக்கு மேலே மெல்ல இறக்கிப் பாருங்கள். ஒரு சாண் உயரத்தில் ஒன்றும் நடக்காது. இன்னும் இறக்கினால் ஒரு துணுக்கின் ஓரம் லேசாக எழும்பும். அதற்கும் கீழே வந்ததும் எல்லாம் சட்டென்று பாய்ந்து ஒட்டிக்கொள்ளும். நெருங்க நெருங்க விசை எகிறுகிறது. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

1785-இல் அதை அளந்து காட்டியவர் பிரான்சு ராணுவப் பொறியாளர் சார்லஸ் கூலும். கண்ணாடி உருளைக்குள் மிக மெல்லிய வெள்ளிக் கம்பியைத் தொங்கவிட்டார். அதன் நுனியில் கிடையாக ஒரு குச்சி, குச்சியின் முனையில் ஒரு நெட்டிப் பந்து. பக்கத்தில் அசையாத இன்னொரு பந்து. இரண்டுக்கும் ஒரே வகை மின்னூட்டம் கொடுத்தால் தொங்கும் பந்து விலகி ஓடும், கம்பி முறுக்கேறும். அந்த முறுக்குதான் விசையின் அளவுகோல். இவ்வளவு சிறிய விசையைப் பிடிக்க இத்தனை எளிய கருவி போதுமானதாக இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புதான்.

முதலில் பந்துகள் 36 பாகை விலகி நின்றன. முறுக்கும் 36 பாகை. கம்பியை மேலிருந்து திருகி, பந்துகளை 18 பாகைக்கு நெருக்கினார். அதற்கு 144 பாகை முறுக்கு தேவைப்பட்டது. தூரம் பாதி, விசை நாலு மடங்கு! மறுபடியும் திருகி 8.5 பாகைக்குக் கொண்டுவந்தபோது முறுக்கு 575.5. பந்துகள் சரியாக 9 பாகையில் நின்றிருந்தால் கணக்குப்படி 576 வரவேண்டும். மின்னூட்டம் காற்றில் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும் ஒரு சோதனையில் அரைப் பாகைப் பிசகு பெரிதல்ல.

அதாவது விசை தூரத்தின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்பக் குறைகிறது. ஏன் இருமடி? ஒரு மின்னூட்டத்தின் தாக்கம் எல்லாத் திசையிலும் பரவுகிறது. இரண்டு மடங்கு தூரத்தில் அது நிரப்ப வேண்டிய கோளத்தின் பரப்பு நாலு மடங்கு. ஆகவே ஒவ்வோர் இடத்துக்கும் கிடைப்பது காற்பங்கு. இருமடியில் அடுக்காக நிற்கும் அந்த 2 என்ற எண்ணை 1971-இல் நுட்பமாகச் சோதித்தார்கள். தசமப் புள்ளிக்குப் பின் 15 இலக்கம் வரை அதில் விலகல் தென்படவில்லை.

மின்னூட்டத்தின் பங்கு இன்னும் எளிது. ஒரு பந்தில் 3 பங்கு, மற்றதில் 2 பங்கு இருந்தால், ஒவ்வொரு பங்கும் எதிரிலுள்ள ஒவ்வொன்றையும் தள்ளும். ஆறு ஜோடி, ஆறு மடங்கு விசை. அதனால்தான் இரண்டு மின்னூட்டங்களையும் பெருக்குகிறோம், கூட்டுவதில்லை.

இந்த விசையின் பலம் அசாத்தியமானது. மின்னூட்டத்தை அளக்கும் அலகுக்கும் ‘கூலும்’ என்றே பெயர். ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ‘கூலும்’ அளவு மின்னூட்டம் வைத்தால் விசை 900 கோடி நியூட்டன். அதாவது சுமார் 9 லட்சம் டன் எடை. நம்மைச் சுற்றியுள்ள பொருள்களில் நேரும் எதிரும் கிட்டத்தட்ட சரிக்குச் சரியாக இருப்பதால்தான் அது வெளியே தெரிவதில்லை.

இப்போது சீப்புக்கு வருவோம். காகிதத்துக்கு மின்னூட்டமே கொடுக்கவில்லை, பிறகு எப்படி இழுபட்டது? சீப்பின் எதிர் மின்னூட்டம் காகிதத்துக்குள் இருக்கும் எலக்ட்ரான்களைச் சற்றே அப்பால் தள்ளுகிறது. நேர்ப்பக்கம் சீப்புக்கு அருகில், எதிர்ப்பக்கம் ஒரு துளி தள்ளி. அருகிலிருப்பதன் ஈர்ப்பு, தள்ளியிருப்பதன் விலக்கலைவிடக் கொஞ்சம் அதிகம். காகிதத்தைத் தூக்குவது அந்த வித்தியாசம் மட்டுமே. விலகிப் போகும்போது பிரிவும் குறைகிறது, வித்தியாசமும் குறைகிறது. அதனால் இந்த விசை இருமடியைவிட வேகமாகச் சரிகிறது. புள்ளி போன்ற மின்னூட்டமும் மிகச் சிறிய துணுக்குமாக இருந்தால், தூரம் பாதியாகும்போது விசை 32 மடங்காகும். சீப்பு புள்ளி அல்ல, ஆகவே ஏற்றம் அவ்வளவு செங்குத்தாக இருக்காது. ஆனால் அந்தச் ‘சட்டென்று’ வருவது இதனால்தான்.

ஒட்டிய துணுக்குகளைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். சில தாமாகவே துள்ளி விழும். சீப்பைத் தொட்டு அதன் மின்னூட்டத்தையே வாங்கிக்கொண்டவை அவை. இனி அவற்றுக்கும் சீப்புக்கும் இடையே இருப்பது கூலும் அளந்த அதே விலக்கு விசை.