16 இலக்கக் கணக்கு எண்ணை எக்செலில் தட்டுவதற்கு முன்

சிறு நிறுவனங்களின் சம்பளப் பட்டியல் மென்பொருளைப் பராமரிப்பது என் வேலை. அங்கே அடிக்கடி வரும் புகார்: "சார், நான் சரியாத்தான் தட்டினேன், கடைசி இலக்கம் தானா சைபர் ஆயிடுச்சு." அவர்கள் சொல்வது உண்மை. எக்செலில் 1234567890123456 என்று தட்டி என்டர் அடித்து, அந்தக் கட்டத்தைச் சொடுக்கி மேலே ஃபார்முலா பட்டையைப் பாருங்கள், 1234567890123450 என்று இருக்கும். அந்த 6 போயே போச்சு.

இதன் வேர் 9007199254740992 என்ற எண்ணில் இருக்கிறது. 53 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் வருவது. எக்செல், இணையப் பக்கங்களில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் இரண்டும் எண்களை, கணினியில் எண்களை வைக்கும் முறைக்காக 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரத்தின்படி 64 பிட்டில் (பிட் என்பது 0 அல்லது 1 வைக்கும் ஓர் இடம்) வைக்கின்றன. அதில் கூட்டல் கழித்தல் குறிக்கு 1, எண் எவ்வளவு பெரியது என்று காட்டும் அடுக்குக்கு 11 போக இலக்கங்களுக்கு மீதி 52, அதோடு எழுதாமலே இருப்பதாக எடுத்துக்கொள்ளும் ஒரு பிட்டும் சேர்த்து 53. அதனால் இந்த எண் வரை எல்லா முழு எண்களுக்கும் இடம் உண்டு, தாண்டினால் இரட்டைப்படை எண்களுக்கு மட்டும், இதன் இரு மடங்கைத் தாண்டினால் 4-இன் மடங்குகளுக்கு மட்டும். பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் தட்டிப் பார்க்கும் கன்சோலில் 9007199254740992 + 1 என்று கொடுங்கள், அதே 9007199254740992 திரும்ப வரும். எரர் எதுவும் காட்டாது, எனக்குப் பயமே அதில்தான்.

9007199254740992 என்பது 16 இலக்க எண். 15 இலக்க எண்கள் எல்லாமே இதற்குக் கீழே அடங்கிவிடும், 16 இலக்கத்தில் சில அடங்கும், சில அடங்காது. எக்செல் 15 இலக்கத்தோடு நிறுத்திக்கொண்டு மீதியைச் சைபராக்கிவிடுகிறது.

ஆதார் 12 இலக்கம், கவலை இல்லை. டெபிட் கார்டு எண்ணின் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது என்பதால் அங்கே பெரும்பாலும் தப்பு மாட்டிவிடும். வங்கிக் கணக்கு எண்ணில்தான் ஆபத்து, சில வங்கிகளில் அது 16 இலக்கம், வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட்டில் பணம் கணக்கு எண்ணைப் பார்த்தே வரவாகிறது, பெயரைப் பார்த்து அல்ல. மாறிய எண்ணில் வேறொருவருக்குக் கணக்கு இருந்தால் ஒருவரின் மாதச் சம்பளம் அங்கே போய்விடும். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2025 ஏப்ரல் முதல், பணம் அனுப்பும் முன் கணக்குக்காரரின் பெயர் பார்க்கும் வசதி இருக்கிறது, தயவுசெய்து பயன்படுத்துங்கள்.

சரி, செய்ய வேண்டியது: தட்டுவதற்கு முன்பே கணக்கு எண் வரும் நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றுங்கள். சிஎஸ்வி கோப்பை (கமாவால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள், டேட்டா பட்டியல் வழியாக உள்ளே எடுத்து, அங்கேயும் டெக்ஸ்ட் என்றே கொடுங்கள். மென்பொருள் எழுதுபவர்கள் அடையாள எண்களை எண்ணாக இல்லாமல் டெக்ஸ்டாகவே (string) அனுப்புங்கள், ட்விட்டரே 2010-இல் அப்படித்தான் மாறியது. ஏற்கெனவே சைபரான பட்டியலை இப்போது டெக்ஸ்டாக மாற்றினால் போன இலக்கம் திரும்பாது, பாஸ்புக்கைப் பார்த்து மறுபடி தட்டத்தான் வேண்டும்.