நீரிழிவு இருக்கா? ஹாக்கர் சென்டர்ல இப்படி ஆர்டர் பண்ணுங்க

சிங்கப்பூர்ல உணவியல் நிபுணரா வேலை பாக்குறேன், என்கிட்ட வர்ற நீரிழிவுக்காரங்க நிறைய பேர் முதல்ல கேக்குறதே "இனிமே ஹாக்கர் சென்டர் பக்கமே போகக்கூடாதா?"ன்னுதான். தாராளமா போங்க. ஹாக்கர் சென்டர்னா பல சாப்பாட்டுக் கடைங்க ஒரே கூரைக்குக் கீழ இருக்குற இடம், அடுக்குமாடி புளோக்குக்குக் கீழ இறங்கினா சாப்பாடு, விலையும் கட்டுப்படியாகுது, தனியா இருக்குற பெரியவங்களுக்கு நாலு பேர் முகத்தைப் பாக்குற இடமும் அதுதான், அதை விடுங்கன்னு சொல்ல எனக்கு மனசு வராது. ஆனா கடைக்காரர்கிட்ட என்ன சொல்லி வாங்குறீங்கங்கறது ரொம்ப முக்கியம்.

முதல்ல குடிக்கிறதைப் பாப்போம், ஏன்னா அதை யாரும் கணக்குல சேக்குறதே இல்ல. ரிட்டயர் ஆன ஒரு ஐயா, "நான் இனிப்பே தொடறதில்லம்மா, அப்புறம் ஏன் சுகர் இறங்க மாட்டேங்குது"ன்னு ரொம்ப வருத்தப்பட்டார். காலையில இருந்து என்னென்ன குடிச்சீங்கன்னு கேட்டேன். பிராட்டாவோட (பரோட்டா மாதிரி) ஒரு தே (டீ), மார்க்கெட் முடிச்சு நண்பர்களோட இன்னொரு தே, சாயங்காலம் ஒரு கோப்பி. மூணுமே இனிப்பு டின் பால் (கண்டென்ஸ்டு மில்க்) ஊத்தினது. அந்தப் பால்ல கிட்டத்தட்ட பாதி சர்க்கரைதான், அவர் அதைப் பால்னு மட்டுமே நினைச்சிட்டிருந்தார். தே ஓ வாங்கினா பால் இருக்காது, ஆனா சர்க்கரை இருக்கும். தே சி-ல இனிப்பில்லாத டின் பால்தான், ஆனா அதுலயும் சர்க்கரை போடுவாங்க. அதனால "தே சி கொசொங்"னு கேளுங்க, கொசொங்னா சர்க்கரை இல்லாம, ஒரேயடியா முடியலன்னா கொஞ்ச நாள் "சியூ தாய்"னு சொல்லி சர்க்கரையைக் குறைச்சு வாங்கிப் பழகிட்டு அப்புறம் கொசொங்குக்கு வாங்க, நாக்கு பழகிடும்.

பிராட்டா மைதா, எண்ணெய் ரெண்டும் சேந்தது, தினமும் வேணாம். அதே கடையில பெரும்பாலும் தோசையும் இருக்கும். ஆசையா இருக்குற அன்னைக்கு ரெண்டு கொசொங் (உள்ளே எதுவும் சேக்காத வெறும்) பிராட்டாவுக்குப் பதிலா ஒரு முட்டை பிராட்டாவோட நிறுத்திக்கோங்க, சீனி தொட்டு சாப்பிடற பழக்கம் இருந்தா அதை மட்டும் கண்டிப்பா விட்டுடுங்க, குழம்பை ரெண்டாவது தடவை கேட்டு வாங்காதீங்க.

குழம்புன்னதும் உப்பு பத்தி சொல்லியே ஆகணும். 2022 தேசிய ஊட்டச்சத்து ஆய்வுப்படி இங்க ஒருத்தர் சராசரியா ஒரு நாளைக்கு 3,620 மில்லிகிராம் சோடியம் சாப்பிடறாங்க, 2,000-க்குள்ள இருக்கணும். நீரிழிவு உள்ளவங்க பல பேருக்கு பிபியும் இருக்கு, ரெண்டும் சேந்தா கிட்னிக்குத்தான் பாரம். மீன் சூப் பீஹூன் (அரிசி சேமியா) நல்ல சாப்பாடுதான், ஆனா உப்பு பெரும்பாலும் அந்த சூப்புலதான் கரைஞ்சு கிடக்கு, மீனையும் காயையும் சாப்பிட்டுட்டு சூப்பை அப்படியே கிண்ணத்துல விட்டுடுங்க. பக்கத்துல சின்னத் தட்டுல சோயா சாஸ்ல மிதக்குற மிளகாயும் அப்படித்தான், மிளகாயை எடுங்க, சாஸை விடுங்க.

சோத்தோட பிடிச்ச கறிகளைக் காட்டி வாங்குற கலப்புச் சோறு கடையில அந்த ஆன்ட்டி கேக்காமலே மூணு கறியோட குழம்பையும் சோத்து மேல ஊத்திடுவாங்க. பின்னாடி கியூ நிக்குது, அவங்க கை வேகத்துக்கு நீங்க யோசிக்கிறதுக்குள்ள தட்டு ரெடி. அதனால சோறு போடறதுக்கு முன்னாடியே "லெஸ் ரைஸ், நோ கிரேவி"ன்னு சொல்லிடுங்க, ரெண்டு காய் எடுங்க, மலாய்க் கடைன்னா "நாசி சிகிட், குவா சிகிட்" (சோறு கொஞ்சம், குழம்பு கொஞ்சம்). கூச்சமே வேணாம், அவங்களுக்கு இது பழகினதுதான்.

இன்னொண்ணு, கவனமா படிங்க. நீங்க இன்சுலின் போடறவங்களா இருந்தாலோ, கிளிபிசைட் மாதிரி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை எடுக்குறவங்களா இருந்தாலோ திடீர்னு சோத்தைப் பாதியாக் குறைச்சா சுகர் அளவுக்கு மீறி இறங்கிடலாம். வேர்க்கும், கை நடுங்கும், தலை சுத்தும். அப்போ கொசொங் எல்லாம் பாக்காதீங்க, பக்கத்து டிரிங்க்ஸ் கடையில சர்க்கரை உள்ள பாக்கெட் ஜூஸ் வாங்கி உடனே குடிங்க, 15 நிமிஷம் கழிச்சு சுகர் செக் பண்ணுங்க. மாத்திரையை நீங்களா குறைக்காதீங்க, அடுத்த அப்பாயிண்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.