ரிசார்ட்: ஊரா, விடுதியா?

ஸ்பெயினில் உள்ள பெனிடார்மை ஆங்கிலத்தில் 'கடற்கரை ரிசார்ட்' என்று எழுதுவார்கள். அதைத் தமிழாக்கும்போது 'கடற்கரை விடுதி' என்று போட்டுவிட்டால் ஒரு நகரமே ஒற்றைக் கட்டடமாகச் சுருங்கிவிடும். மொழிபெயர்ப்பாளரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நமக்கு ரிசார்ட் என்றால் ஈசிஆரில் மதில் சுவர், செக்யூரிட்டி, நீச்சல் குளம் சகிதம் இருக்கும் இடம்தான். ஆனால் கடற்கரையைப் பொறுத்தவரை அந்தச் சொல் முதலில் ஊரைத்தான் குறித்தது.

மூலம் பழைய பிரெஞ்சு. 'ரெசோர்திர்' என்றால் மறுபடி வெளியே போதல். மேல்முறையீட்டுக்குப் போய் நிற்கும் நீதிமன்றத்தின் அதிகார எல்லையையும் பிரெஞ்சுச் சட்ட வழக்கில் 'ரெசோர்' என்றார்கள். 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, ஆபத்தில் நாடிப் போகும் துணை என்பது பொருள். 'லாஸ்ட் ரிசார்ட்' என்ற தொடரில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. உல்லாசமாகப் பொழுதைக் கழிக்கப் போகும் இடம் என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் வருகிறது. அதே காலத்தில்தான் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற ஆங்கில மருத்துவர், கடல்நீர் சுரப்பி நோய்களைத் தீர்க்கும் என்று நூல் எழுதி, பணக்காரர்களை பிரைட்டன் கரைக்கு இழுத்தார். குளித்தால் மட்டும் போதாது, கடல்நீரைக் குடிக்கவும் வேண்டும். பாவம்!

நம்மிடம் இதற்கு அச்சாக ஒரு சொல் இருக்கிறது: போக்கிடம். போகும் இடம், புகல் இரண்டும் அதில் அடக்கம். ஆனால் 'போக்கிடம் இல்லாமல் வந்து நிற்கிறான்' என்று சொல்லிப் பழகிய நாம் அதை ஓட்டல் பெயர்ப்பலகையில் எழுத மாட்டோம். 2017இல் சட்டமன்ற உறுப்பினர்கள் கூவத்தூர் ரிசார்ட்டில் தங்கவைக்கப்பட்டார்களே, அதற்கு வேண்டுமானால் கச்சிதமாகப் பொருந்தும்.

ஊர் எப்படி விடுதியாகச் சுருங்கியது? சம்பளத்தோடு விடுமுறை கிடைத்ததில் கதை தொடங்குகிறது. பிரான்சில் 1936இலும் பிரிட்டனில் 1938இலும் அதற்குச் சட்டம் வந்தது. போருக்குப் பிறகு விமானம் சேர்ந்துகொண்டது. 1950இல் விளாதிமிர் ரைட்ஸ் என்பவர் லண்டனிலிருந்து கோர்சிகா தீவுக்கு ஆட்களை அழைத்துப் போனார். விமானக் கட்டணம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் சேர்த்து 32 பவுண்டு 10 ஷில்லிங். தங்குமிடம் என்றால் கூடாரம்தான்.

கூட்டம் பெருகியபோது கூடாரம் போதவில்லை. ஆயிரக்கணக்கான அறைகள் சீக்கிரமாக, மலிவாக வேண்டும். எல்லா அறையிலிருந்தும் கடல் தெரியவும் வேண்டும். நவீனக் கட்டடக்கலை இதற்குத் தயாராகக் காத்திருந்தது போல இருந்தது: கான்கிரீட் சட்டகம், ஒரே அளவு அறைகள், அறைக்கொரு பால்கனி. இந்தப் பால்கனிக்கு ஒரு முன்கதை உண்டு. காசநோயாளிகளை வெயிலிலும் காற்றிலும் படுக்கவைக்க மருத்துவமனைகளில் நீண்ட திறந்த மாடங்கள் கட்டினார்கள். கட்டடக் கலைஞர் ஆல்வர் ஆல்ட்டோ 1933இல் பின்லாந்தின் பைமியோவில் கட்டிமுடித்தது அவற்றில் புகழ்பெற்றது. ஓட்டல்களில் அதே மாடத்தில் நோயாளிக்குப் பதில் விடுமுறைக்கு வந்தவர் வெயில் காய்ந்தார்.

பெனிடார்ம் மீன்பிடி ஊராக இருந்தது. மேயர் பெத்ரோ சரகோசா காலத்தில், 1956இல், நகரத் திட்டம் வந்தது. 1963இல் உயரக் கட்டுப்பாட்டையும் தளர்த்தினார்கள். ஒல்லி ஒல்லியான கோபுரங்கள் எழும்பின. 2002இல் திறந்த கிரான் ஓட்டல் பாலியின் உயரம் 186 மீட்டர். அசிங்கம் என்று திட்டுகிறவர்கள் நிறைய. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அத்தனை பேருக்கும் தனித்தனி வில்லா கட்டியிருந்தால் கரை முழுக்கத் தீர்ந்துபோயிருக்கும்.

நம் பக்கம் வந்த ரிசார்ட் வேறு வகை. இலங்கையின் பெந்தோட்டையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் இறுதியில் கட்டிய பீச் ஓட்டலில் நுழைந்ததும் கடல் தெரியாது. முரட்டுக் கல் சுவர், இருட்டு, படிக்கட்டு. தலைக்கு மேல் கலைஞர் ஈனா டி சில்வா மெழுகு வைத்துச் சாயமேற்றிய பத்திக் துணிகள் விதானமாக விரிந்திருக்கும். மேலே ஏறினால் குளத்தோடு முற்றம், அதைத் தாண்டித்தான் கடல். கேரளத்துக் கோவளத்தில் இன்னொரு கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா அறைகளைக் குன்றுச் சரிவில் படிப்படியாக அடுக்கினார். அழகுதான். ஆனால் உள்ளேயே எல்லாம் கிடைப்பதால், வந்தவர் ஊருக்குள் போகத் தேவையில்லை. ரிசார்ட் என்றால் வளாகம் என்று நாம் புரிந்துகொண்டது இப்படிப்பட்டவற்றைப் பார்த்துத்தான்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? இலங்கையில் 'உல்லாசப் பயணத்துறை' என்பது கண்ணியமான வழக்கு. தமிழ்நாட்டு நாளிதழ்கள் 'உல்லாசமாக இருந்தனர்' என்று எழுதி எழுதி அந்தச் சொல்லைக் கெடுத்து வைத்திருக்கின்றன. இங்கே 'உல்லாச விடுதி' என்று எழுதினால் போலீஸ் ரெய்டு ஞாபகம்தான் வரும். வளாகத்துக்கு 'ஓய்வு விடுதி' போதும்.

ஊருக்கு வேறு சொல் வேண்டும். ஜெர்மானியர் அதைக் 'கடற்குளியல்' என்ற பொருள்படும் பெயரிலேயே அழைக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களும் குளியலை வைத்தே சொல்கிறார்கள். நமக்குச் சிலப்பதிகாரத்தில் 'கடலாடு காதை' இருக்கிறது: இந்திர விழா முடிந்ததும் புகார் மக்கள் கடலாடப் போகிறார்கள், கோவலனும் மாதவியும் புன்னை நிழலில் ஓவியத் திரை கட்டி அமர்கிறார்கள். அந்த வழியில் பெனிடார்மைக் 'கடலாட்டு நகர்' என்று எழுதலாம். முதல் முறை மட்டும் 'கடற்கரைச் சுற்றுலா நகர்' என்று பக்கத்தில் போட்டுவிட்டால் யாருக்கும் குழப்பம் வராது.