எத்தனை சிலிண்டர் இருக்கிறது?

புயல் வருகிறது, ஊரைக் காலி செய்யுங்கள் என்று உத்தரவு போட்ட பிறகும் வீட்டைவிட்டு நகராதவர்களை டிவியில் காட்டும்போது "சொன்னால் கேட்கிற ஜென்மமா இதுகள்" என்று சொல்லிவிடுவோம். நானும் சொன்னவள்தான். ஹூஸ்டன் பக்கம் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸாக இருபது வருஷத்துக்கு மேல் ஓடியதில் அந்த வாய் கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் கடலோரம் இருக்கும் கால்வெஸ்டன் தீவில் ஒரு பெரியவர். நுரையீரல் தேய்ந்துபோய் நாள் முழுக்க ஆக்ஸிஜன். 2008 செப்டம்பரில் ஐக் புயல் வருகிறது, மாடி வீட்டில் இருந்தாலும் சாவு நிச்சயம் என்கிற மாதிரி வானிலைக்காரர்களே எச்சரிக்கிறார்கள், நான் போனில் கெஞ்சுகிறேன். "ரீட்டாவுக்குப் போனேனே பேபி, போதாதா?" என்றார்.

ரீட்டா புயல் வந்தது 2005 செப்டம்பரில். கத்ரீனா நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்து நாலு வாரம்கூட ஆகவில்லை, அந்தப் பயத்தில் ஹூஸ்டன் வட்டாரத்திலிருந்து 25 லட்சம் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் சாலைக்கு வந்துவிட்டார்கள். கொளுத்துகிற வெயில், பெட்ரோல் தீர்ந்துவிடுமே என்று ஏசியை அணைத்துவிட்டு மணிக்கணக்கில் நகராமல் நின்ற கார்கள். டாலஸ் அருகே முதியோர் இல்லத்துக்காரர்களை ஏற்றிப்போன பஸ் தீப்பிடித்து, உள்ளே இருந்த ஆக்ஸிஜன் சிலிண்டர்கள் வெடித்து 23 பேர் இறந்தார்கள். ஊரைவிட்டு ஓடியதில் மட்டும் செத்தவர்கள் நூறு பேருக்கு மேல். புயலோ கிழக்கே திரும்பிவிட்டது. ஹூஸ்டனில் பேசாமல் வீட்டில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தப் பாடம் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ரீட்டாவின்போது பெரியவர் கையில் மூன்று சிலிண்டர். நிமிஷத்துக்கு 2 லிட்டர் ஓடினால், நாங்கள் கொடுக்கும் ஈ சைஸ் சிலிண்டர் ஒன்று ஐந்து மணி நேரம், கொஞ்சம் கூட வரும். எட்டு மணி நேரம் போனதும் காரைத் திருப்பச் சொல்லிவிட்டாராம், இன்னும் போனால் எந்தப் பக்கமும் காற்று போதாது என்று. இதைப் பிடிவாதம் என்றா சொல்வது? சுத்தமான கணக்கு!

நியூ ஆர்லியன்ஸிலும் அப்படித்தான். அங்கே நாலில் ஒரு வீட்டுக்கு மேல் கார் கிடையாது. கட்டாய உத்தரவு வந்ததே ஆகஸ்ட் 28, மறுநாள் காலை புயல் கரையேறியது. மாதக் கடைசி வேறு. ஒன்றாம் தேதி வரும் செக்கை நம்பியிருப்பவர்களிடம் பெட்ரோலுக்கும் மூன்று ராத்திரி மோட்டலுக்கும் பணம் எங்கே இருக்கும்?

அப்புறம் நாய். முகாமில் நாயை விட மாட்டார்கள் என்பதால் தானும் போகமாட்டேன் என்றவர்களைக் கத்ரீனாவில் நிறையப் பேர் பார்த்தார்கள், 2006இல் சட்டமே வந்தது, பேரிடர்த் திட்டத்தில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று. ஆனாலும் நான் பார்க்கும் பாட்டிகளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

புயலுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை போடும் நம்பரைப் பார்த்து முடிவு செய்பவர்கள்தான் எனக்கு உண்மையான கவலை. அந்த நம்பர் காற்று வேகத்துக்கு மட்டும். ஐக் கரையேறும்போது வெறும் 2தான், ஆனால் ஆள் பெரிது, கால்வெஸ்டனுக்கு அடுத்த பொலிவர் தீபகற்பத்தில் கடல் 15 அடி உயரத்துக்கு எழும்பி உள்ளே வந்து தெருவோடு வழித்துக்கொண்டு போனது. பெரியவரும் "ரெண்டாம் நம்பர்தானே, சுவர் இருக்கிறது" என்றார். கால்வெஸ்டனில் 1900 புயலுக்குப் பிறகு கட்டிய 17 அடிக் கடல் சுவர் இருக்கிறதுதான். தண்ணீர் சுவர் இல்லாத பின்பக்கம், விரிகுடா வழியாக வந்தது.

மாடியில் இருந்தவரைத் தீயணைப்புக்காரர்கள் படகில் இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, எத்தனை சிலிண்டர் வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "ரெண்டு. இதை அன்றைக்கே போனில் கேட்டிருந்தால் நானும் பஸ் ஏறியிருப்பேனோ என்னவோ" என்றார். ஆஸ்டினுக்கு இலவச பஸ் விட்டிருந்தார்கள். அதில் ஆக்ஸிஜன் கிடைக்குமா என்று நானும் விசாரித்துச் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் ஜூன் ஒன்றாம் தேதி சீசன் தொடங்கும்போதே கேட்டுவிடுகிறேன். எதில் போவீர்கள், யார் வீட்டுக்கு, நாய் யாரோடு, எத்தனை மணி நேரத்துக்குக் காற்று இருக்கிறது, திரும்பி வரச் செலவுக்கு என்ன வழி. டெக்சாஸில் இருப்பவர்கள் 211க்குப் போன் செய்து, வண்டியோ மருத்துவ உதவியோ தேவைப்படுகிறவர்கள் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், பெயர் சேர்த்ததாலேயே ஆள் வந்துவிடுவார் என்ற உத்தரவாதமும் இல்லை, அதனால் இரண்டாவது வழி ஒன்றையும் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டச் சொல்கிறேன். சிலிண்டர் கம்பெனிக்கு மட்டும், புயலுக்குக் கடலில் பெயர் வைத்த அன்றே போன் போட்டுவிடுங்கள். இரண்டு நாள் போனால் லைன் கிடைக்காது.