ஏழும் ஐந்தும்: தொனாதியாவின் தாளக் கணக்கு

18-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் மத்ரித் நகரில் இருந்த குரூஸ், பிரின்சிப்பே அரங்குகளில் மூன்று அங்க நாடகம் நடக்கும்போது, அங்கங்களுக்கு நடுவே ஒரு குட்டி இசை நாடகம் வரும். பெயர் தொனாதியா. பெரும்பாலும் ஒருவர் முதல் நாலைந்து பேர் வரை பாடுவார்கள். இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதற்குத் தனி வடிவம் கொடுத்தவர் இசையமைப்பாளர் லூயிஸ் மிசோன், ஆண்டு 1757 என்பது வழக்கமாகச் சொல்லப்படுவது. முன்னுரைப் பாட்டு, கதை சொல்லும் கோப்லா என்ற பாட்டுகள், கடைசியில் செகிதியா என்ற ஏழடிப் பாட்டு என்பதே பரவலான அமைப்பு. இதில் செகிதியாவின் கணக்குதான் அழகு.

நாலடிக்கு அசைகள் 7, 5, 7, 5. பின்னால் ஒட்டும் மூன்றடிக்கு 5, 7, 5. நம் யாப்பின் நேர், நிரை வேறு. இங்கே, ஸ்பானிய மொழியில், ஓர் உயிரொலிக்கு ஓர் அசை. விரல் விட்டு எண்ணினால் மட்டும் போதாது. அடியின் கடைசிச் சொல் எங்கே அழுந்துகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 'கோ-ரா-சோன்' (இதயம்) கடைசி அசையில் அழுந்துவதால் மூன்றசை இருந்தும் நாலாகக் கணக்கு. 'மூ-சி-கா' (இசை) முதல் அசையில் அழுந்துவதால் மூன்று இரண்டாகிவிடும். ஒரு சொல் உயிரில் முடிந்து அடுத்தது உயிரில் தொடங்கினால் இரண்டும் ஒன்றாகக் கலக்கும். இவற்றை விட்டுவிட்டுப் பாட்டெழுதினால் அழுத்தம் தாளத்தின் மெலிந்த இடத்தில் விழுந்து சொல்லே சிதைந்துபோகும்.

மெட்டு மூன்றெண்ணித் தாளம். ஐந்தசை அடி சீக்கிரம் தீர்ந்துவிடும். மிஞ்சும் இடத்தை வயலின் நிரப்பும், அல்லது பாடகி அதே சொல்லைத் திரும்பப் பாடுவாள். முத்தாய்ப்பு நெருங்கும்போது இரண்டு சுற்றின் ஆறு எண்ணிக்கை 'தகிட தகிட' என்பதிலிருந்து 'தக தக தக' என்று மாறுவதுண்டு. வேகம் கூடிவிட்டதாக நினைத்து வாசிப்பவர் ஓடினால் பாட்டு குலையும். ஆறும் அதே இடைவெளியில்தான் விழ வேண்டும்.

பக்கவாத்தியத்தில் இரண்டு வயலின், அடிநாதம் தரும் தாழ்சுர வாத்தியம், பெரும்பாலும் ஓபோவோ புல்லாங்குழலோ, ஒரு சோடிக் கொம்பு. அந்தக் காலக் கொம்புக்கு வால்வு கிடையாது. பெரும்பாலும் குழாயின் நீளம் தரும் இயற்கைச் சுரங்களே ஒலிக்கும். சுருதி மாறினால் வளைகுழாயைக் கழற்றி வேறொன்றை மாட்ட வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். அதனால் சுருதி மாறும் பாட்டுகளுக்கு நடுவே பேச்சோ கொம்பில்லாத பகுதியோ வந்தால்தான் வாசிப்பவருக்கு வசதி.

1753-இல் திறந்த மெக்சிகோ நகர அரங்கிலும் தொனாதியா ஆடப்பட்டது. அங்கே உள்ளூர்ச் சிறுபாட்டுகளும் இடைவேளையில் மேடையேறின. இன்று மெக்சிகோவின் வெராக்ரூஸ் பக்கத்து சோன் என்ற நாட்டுப்பாட்டுகளில் ஹரானா என்ற சிறு கிட்டாரை மீட்டுவதைக் கேளுங்கள்: ஆறு தட்டும் மாறாமல் நிற்க, அழுத்தம் மட்டும் மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே தாவிக்கொண்டே இருக்கும்.