கட்டப்பெயர்ச்சி விசையிடல்: சொல் விளக்கம்

அலை தன் சுற்றில் நிற்கும் இடத்தை, அதாவது கட்டத்தை, மாற்றி 0, 1 என்ற பிட்டுகளாலான இலக்கத் தரவை அனுப்பும் முறைக்கு ஆங்கிலத்தில் ‘ஃபேஸ் ஷிஃப்ட் கீயிங்’ என்று பெயர். அதைக் ‘கட்ட மாற்றச் சாவியிடல்’ என்று எழுதும்போதெல்லாம் அந்தச் சாவி என்னை உறுத்துகிறது. இங்கே பூட்டும் இல்லை, திறப்பும் இல்லை. தந்தி அனுப்புபவர் விரலால் தட்டிய சிறு நெம்புகோலுக்குத்தான் ஆங்கிலத்தில் ‘கீ’ என்று பெயர். அழுத்தினால் மின்னோட்டம் பாயும், விட்டால் நிற்கும். கம்பியில்லாத் தந்தியில் அதே கீ, வானொலி அலையை விட்டுவிட்டு அனுப்பியது. பிறகு விரலும் நெம்புகோலும் மறைந்தன. இலக்கத் தரவுக்கேற்ப அலையை நிலைமாற்றும் முறைகளுக்குப் பெயர் மட்டும் நிலைத்தது. கீபோர்டை விசைப்பலகை என்கிறோம். அந்த விசையே இங்கும் பொருந்தும். சாவி போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. பொருள் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

‘ஃபேஸ்’ என்பதற்குக் கிரேக்க மூலத்தில் ‘தோற்றம்’ என்று பொருள். நிலவின் பிறைத் தோற்றங்களைக் குறித்த சொல் அது. நிலவு தன் சுற்றில் எங்கே இருக்கிறது என்பதைப் பிறை காட்டுவதுபோல, அலை தன் ஏற்ற இறக்கச் சுற்றில் எங்கே இருக்கிறது என்பதைக் கட்டம் காட்டுகிறது. முழுச் சுற்று 360 பாகை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதைக் கட்டம் என்கின்றன, இலங்கையில் அவத்தை.

‘ஷிஃப்ட்’ என்பதற்கு நகர்வு என்றும் எழுதலாம். ஆனால் நகர்வில் மெல்ல ஊர்ந்து செல்லும் சாயல் இருக்கிறது. இங்கே நடப்பதோ ஓரிடம் விட்டு இன்னோரிடத்தில் சட்டென்று போய் நிற்பது. இடப்பெயர்ச்சியில் உள்ள பெயர்ச்சியே சரி.

நடப்பதைக் கிட்ட நின்று பார்ப்போம். ஒருங்குறியில் (யூனிகோட்) ‘அ’ எழுத்தின் எண் 2949. பதினாறு பிட்டுகளில் அது 0000101110000101. தரவைச் சுமக்கும் ஊர்தி அலையின் வீச்சையும் அதிர்வெண்ணையும் தொடாமல், 0 வந்தால் 0 பாகையிலும், 1 வந்தால் 180 பாகையிலும் அலையைத் தொடங்குகிறோம். முதல் நான்கு பிட்டுகள் முடியும்வரை அலை சீராக ஓடுகிறது. ஐந்தாவது பிட் தொடங்கும் இடத்தில் முகடு எழ வேண்டிய அலை பள்ளமாகக் கவிழ்கிறது. ‘அ’ முடிவதற்குள் அலை இப்படி ஏழு முறை தலைகீழாகிறது. இது இருகட்ட விசையிடல். 1575.42 மெகாஹெர்ட்ஸில் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அனுப்பும் பொதுப் பயன்பாட்டுக் குறிகை இவ்வகையே.

90 பாகை இடைவெளியில் நான்கு கட்டங்களை வைத்தால் ஒவ்வொன்றும் இரண்டு பிட்டுகளைச் சுமக்கும். அதே ‘அ’ பதினாறுக்குப் பதில் எட்டே அலைத்துண்டுகளில் போய்விடும். இது நாற்கட்ட விசையிடல். எண்கட்டத்தில் மூன்று பிட்டுகள், ஆனால் இடைவெளி 45 பாகையாகச் சுருங்குவதால் சிறிய இரைச்சலே பக்கத்துக் கட்டமாக மயங்க வைத்துவிடும்.

அலையைப் பெறும் கருவியான ஏற்பிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வந்த அலையில் எது 0 பாகை, எது 180 பாகை என்று அதற்கு யார் சொல்வது? மாற்றி எடுத்துக்கொண்டால் செய்தி முழுவதும் தலைகீழாகிவிடும். அதனால் சில அமைப்புகளில் கட்டத்தை விட்டுவிட்டு, முந்தைய கட்டத்திலிருந்து எவ்வளவு பெயர்ந்தது என்பதில் பிட்டை ஏற்றுகிறார்கள். புளூடூத்தின் விரைவு முறைகள் இப்படித்தான் இயங்குகின்றன. அதற்கு வேறுபாட்டுக் கட்டப்பெயர்ச்சி விசையிடல் என்று பெயர். பெயர்ச்சி என்ற சொல் முழுப் பொருளோடு அமர்வது அங்கேதான்.